மருமகளின் போன், மாமனாரின் காது

காது மெஷின் வாங்க மூன்று பேரும் சேர்ந்துதான் போனார்கள். காது யாருடையது என்பதில் குழப்பமில்லை, மாமனாருடையது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவதிலேயே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு எதையும் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. கேட்காமல் போனதை அவர் யாரிடமும் சொல்லவுமில்லை. முன்பும் அதிகம் பேசியவரில்லை என்பதால் வீட்டில் கண்டுபிடிக்க நாளாயிற்று.

குழப்பம் போனில் வந்தது.

கடையில் இருந்த பெண் அவரைக்கொட்டை அளவில் இரண்டு கருவிகளை அவர் காதுகளுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, "இதை ஒரு போனோட சேர்க்கணும் சார். சத்தத்தைக் கூட்டறது, குறைக்கறது எல்லாம் ஆப்லதான்" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மரியாதையோடு வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தாள். அடுத்து மகனைப் பார்த்தாள். மகன் ஒரு லிப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளன். அவன் போனில் பழுதான லிப்டுகளின் படங்கள் நிரம்பி வழிந்தன.

"ஏதாவது அழிச்சாத்தான் சார் ஆப் ஏறும்."

"எதை அழிக்கச் சொல்றீங்க? இது பாதியில நின்னது, இது கதவு திறக்காதது. எல்லாமே எனக்கு வேணும்."

"என் போன்ல போட்டுடுங்க. அப்புறம் மாத்திக்கலாம்" என்றாள் மருமகள்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

"இதுல போன்கூடப் பேசலாம். நேரா காதுக்குள்ளயே கேட்கும்" என்று கடைப்பெண் பெருமையாகச் சொன்னாள். மூவரும் தலையாட்டினார்கள். யாருடைய போன், யாருடைய காது என்று அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

மருமகள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். யாரோ ஒருவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மேஜைமேல் இருந்த போன் ஒளிர்ந்து அவளைக் கேட்கும்: 'இன்று உங்கள் செவித்திறன் எப்படி இருக்கிறது?' அவள் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு ஊசியைக் குத்துவாள். கொடுக்காவிட்டால் அது சும்மா இருக்காது. இரண்டு நாளைக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. புதுப்பித்த பிறகு கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு எண்ணும் ஒரு குறியும் இல்லை என்று குறைப்பட்டது. பிறகு அவள் இருக்குமிடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றது.

"காது எங்க இருக்குன்னு இதுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள் புருஷனிடம்.

"தலைக்கு ரெண்டு பக்கமும்னு சொல்லு" என்றான் அவன்.

சுருக்கெழுத்தரின் பக்கத்தில் நடந்தது வேறு. முதலில் அது ஒரு 'டிங்'. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குளிக்கப் போகும்போது, மண்டைக்குள் நடுவில் ஒரு டிங். நிமிர்ந்து பார்ப்பார். வீட்டில் யாரும் எதையும் கேட்டதாகத் தெரியாது. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு கூட்டமே அவருக்குள் சிரித்தது. யாரோ ஒருவன் ஏதோ சொல்ல, மறுபடி சிரித்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளறையில் மருமகள் போனைப் பார்த்து முகம் சுளித்து, அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

காதில் குரல் கேட்கிறது என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்த வாக்குமூலங்களையும் மற்றவற்றைப் போலவே பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். அவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். யாரிடமும் சொல்லாமல் சில நாட்கள் அந்தப் பயத்தோடு நடமாடினார்.

ஒரு மதியம் மண்டைக்குள் இசையோடு ஒரு பெண் வந்து, வாடிக்கையாளரே வணக்கம், உங்களுக்குக் கிரெடிட் கார்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஒன்றை அழுத்தவும் என்றாள். அவருக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. புத்தி பேதலித்தவனுக்கு யாரும் கிரெடிட் கார்டு கொடுக்க மாட்டார்கள். எதிரே மருமகள் போனைக் காதில் வைத்து, "ஹலோ? ஹலோ? யாருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் போனுக்கு வருவது அவர் காதுக்கு வருகிறது. விஷயம் அவ்வளவுதான்.

அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் மருமகளுடைய அக்கா கூப்பிட்டாள்.

அக்கா வேறு ஊரில் இருந்தாள். எழுதி அனுப்புவது அவளுக்குப் பிடிக்காது. எதிராளி கேட்கிறாளா என்று பார்க்கும் வழக்கமும் இல்லை. போனை எடுத்த சத்தம் வந்ததும் மடை திறந்த மாதிரி தொடங்கிவிடுவாள்.

"ஏண்டி, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு சொன்னாங்களே, சொல்லிட்டியா? நீ சொல்லியிருக்க மாட்டே. எனக்குத் தெரியும். உன்னை நம்பித்தானே புது லேபையே அங்க திறக்கறாங்க? பொறுப்பாளர் நாற்காலி என்ன தினமும் தேடி வருமா?"

"ஹலோ அக்கா? கேட்குதா? எனக்கு நீ பேசறது ஒண்ணுமே கேட்கல."

"ரெண்டு தடவை உன்னைத் தாண்டிப் போச்சு. இந்த முறை நீயே கையால தள்ளிவிடப் போறே. உன் புருஷனுக்கு என்ன, எந்த ஊர்லயும் லிப்ட் இருக்கும். எல்லாம் அந்த மாமனாருக்காக. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டா மட்டும் என்ன சொல்லப் போறார், மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார்."

"இரு அக்கா, மாடிக்குப் போறேன். வீட்டுக்குள்ள சிக்னலே இல்ல."

மருமகள், போனில் எதுவும் கேட்காத ஆத்திரத்தில், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வெளியே போனாள். அவள் கூட்டக் கூட்ட, அக்கா அவர் மண்டைக்குள் கத்தினாள். படியேறும்போது குரல் முதலில் கரகரத்தது, பிறகு துண்டு துண்டானது, பிறகு நின்றது.

வீடு அமைதியாக இருந்தது. சுருக்கெழுத்தர் அசையவில்லை. 'மரக்கட்டை' என்பது பொருத்தமான சொல்தான் என்று நினைத்தார். ஆட்சேபிக்க ஒன்றுமில்லை.

அன்று அவர் எதையும் சொல்லவில்லை. சொன்னால், கேட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மருமகள் போனை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். லேபுக்குப் போகிற வழியில், சாவி செய்பவருக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்த சந்து மாதிரியான கடை. ரிப்பேர்காரர் தன் போனிலிருந்து அவள் போனுக்குக் கூப்பிட்டு, "ஹலோ, ஹலோ, கேட்குதா மேடம்?" என்றார். தெளிவாகக் கேட்டது.

"வீட்டுல கேட்க மாட்டேங்குதுங்க."

அவர் ஒரு சின்னத் தூரிகையால் ஓட்டையைச் சுத்தம் செய்தார். தூசிதான் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழையபடி ஊமை. மறுநாள் மறுபடி போனாள். மறுபடி கேட்டது.

"லேப்ல கேட்குது. ரோட்டுல கேட்குது. மொட்டை மாடியில கேட்குது. வீட்டுக்குள்ள கால் வச்சதும் வாயை மூடிக்குது. என்னங்க இது?"

"மேடம், போனுக்கு ஒண்ணுமில்ல. வீட்டைத்தான் ரிப்பேருக்குக் கொண்டு வரணும்."

ஸ்பீக்கரில் போட்டால் வீட்டுக்குள்ளும் கேட்டது. அதை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அக்கா பேசுகிற பேச்சை ஸ்பீக்கரில் போட முடியாது. மாமாவுக்கு முன்பு மாதிரி இல்லை, இப்போது மெஷின் இருக்கிறது, கேட்டுவிடும். அதனால் அக்கா கூப்பிடும்போதெல்லாம் எடுத்துக் காதில் வைத்து, "இரு அக்கா, இரு அக்கா" என்றபடி மாடிக்கு ஓடினாள். அவள் படியேறி முடிக்கும்வரை அக்கா பேசியதெல்லாம் சுருக்கெழுத்தருக்குச் சேர்ந்தது.

அப்படித் துண்டு துண்டாக அவருக்கு முழு விஷயமும் தெரிந்துவிட்டது. லேபை நடத்துகிறவர்கள் வேறு ஊரில் இன்னொன்று திறக்கிறார்கள். அதற்குப் பொறுப்பாக இவளைக் கூப்பிடுகிறார்கள். இவள் போகவில்லை என்றால், 'மூக்குக்கண்ணாடி' என்று இவர்கள் சொல்கிற ஒருவனுக்கு அது போகும். அவன் இவளுக்குப் பிறகு சேர்ந்தவன். ரத்தம் எடுத்த குப்பியின் மேல் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டி ஒரு முறை எல்லோரையும் சிக்கலில் மாட்டிவிட்டவன். மகன் மாற்றல் கேட்டால் கிடைக்கும். மருமகள் அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் முடியாது என்று சொல்லப் போகிறாள். காரணம், காது கேட்காத ஒரு மனிதர்.

எத்தனையோ வழக்குகளில் அவர் நீதிமன்ற அறையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நீதிபதிக்குக் கீழே, வக்கீல்களுக்கு எதிரே, எல்லோருக்கும் பக்கத்தில். பிரிகிற கணவன் மனைவி, கொலை செய்தவன், சொத்துக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி. எல்லோரும் அவர் முன்னால்தான் பேசினார்கள். அவர் அங்கே இல்லாதவர் மாதிரி பேசினார்கள். அவரும் இல்லாதவராகவே இருந்தார். கை மட்டும் இருந்தது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. தன்னைப் பற்றிய வழக்கு ஒன்று தன் காதுக்குள்ளேயே நடக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தார்.

"லேப்ல வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?"

அவர் கேட்டதே ஆச்சரியம் என்பதுபோல் அவள் பார்த்தாள். "போகுது மாமா. நீங்க இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

அதற்கு மேல் எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்பது வக்கீல்களின் வேலை.

நீங்கள் போங்கள், நான் இங்கே இருந்துகொள்கிறேன் என்று சொன்னால் கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். நானும் வருகிறேன் என்று சொன்னால் அது பொய். இந்த வீட்டில் காது இல்லாமலே அவருக்கு வழி தெரியும். எந்த ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொள்ளும், எந்தக் குழாயை இன்னும் அரைத் திருப்பு திருப்ப வேண்டும், எதிர்வீட்டுக்காரர் எப்போது குப்பையை எடுத்துக்கொண்டு இறங்குவார். புது ஊரில், புதுச் சுவர்களுக்கு நடுவில், அவர் இரண்டாவது முறை செவிடாவார். அதே சமயம் தனியாக இருப்பதை நினைத்தால் பயமாக இருந்தது. யாராவது வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குளியலறையில் விழுந்தால் கூப்பிட ஆளிருக்காது. ஆள் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. போக மனமில்லாததும் தனியாக இருக்கப் பயமும் சேர்ந்தே இருந்தன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

அவரைக் காட்டிக் கொடுத்தது அவருடைய விரல்.

சுருக்கெழுத்தர்களுக்கு இப்படி ஒன்று உண்டு. பேச்சைக் கேட்டால் கை சும்மா இருக்காது. பென்சில் இல்லாவிட்டாலும் வலது ஆள்காட்டி விரல், இருக்கிற இடத்தில் கோடும் கொக்கியுமாக இழுத்துக்கொண்டிருக்கும். டிவியில் செய்தி ஓடினால் நாற்காலியின் கையில் எழுதுவார். மகன் போனில் யாரையாவது திட்டினால் தொடையில் எழுதுவார். எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் மற்றவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. அவர் காது மந்தமான நாட்களில் விரல் ஓய்ந்திருந்தது. மெஷின் வந்ததும் மறுபடி தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் மெஷின் வேலை செய்கிறது என்று மருமகள் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை அவள் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை. மகன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அக்கா கூப்பிட்டாள். கையெல்லாம் ஈரமாக இருந்ததால் மருமகள் ஒரு விரலால் திரையில் பச்சையைத் தள்ளி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "இரு அக்கா, கையைத் துடைச்சுட்டு மாடிக்கு வர்றேன்" என்றாள். வழக்கம்போல் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் எதிரே பார்த்தாள். பேப்பரின் ஓரத்தில் மாமாவின் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. விரல் வேகமாக ஓடியது. கொஞ்சம் நின்றது, யாரோ மூச்சு வாங்குகிற அளவுக்கு. மறுபடி ஓடியது.

அவள் திரையில் சிவப்பைத் தொட்டுப் போனை வைத்தாள். விரல் நின்றது.

அவள் லேபில் வேலை பார்ப்பவள். ஒரு முறை வந்த முடிவை நம்புகிற பழக்கமில்லை. அக்காவை அவளே மறுபடி கூப்பிட்டாள். காதில் மௌனம். எதிரே விரல் ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக. பாதியில் போனை வைத்ததற்கு அக்கா திட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் வைத்தாள். நின்றது.

சுருக்கெழுத்தர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

மகன் வந்ததும் அவனை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதீங்க. எல்லாத்தையும் கேட்டிருக்கார்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "உங்க அக்கா அவரைப் பத்தி ஏதாவது தாறுமாறா சொன்னாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் கேட்கவே இல்லையே! உங்க அப்பாவைத்தான் கேட்கணும்."

"ப்ளூடூத்தை அணைச்சிடு. இப்பவே."

"அணைச்சா மாமாவுக்குத் தெரிஞ்சுடும், நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

"தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா அதைப் பத்திப் பேசணும். உங்க வீட்டுல என்னைக்குப் பேசியிருக்கீங்க?"

கீழே தெருவில் யாரோ ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நேருக்கு நேரா உட்கார்ந்து கேட்டா அவர் தலையை மட்டும் ஆட்டுவார்" என்றாள் கடைசியில். "என்னாலயும் அவர் முகத்தைப் பார்த்து, உங்களால எனக்கு வேலை போகுதுன்னு சொல்ல முடியாது. சொன்னா அதுக்கப்புறம் இந்த வீட்டுல எப்படிச் சாப்பிடறது?"

வியாழக்கிழமை மாலை. சுருக்கெழுத்தர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மருமகள் தன் போனை அவர் எதிரே வைத்துவிட்டு, புருஷனுடைய போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். போன் ஒளிர்ந்தது. அவர் காதுக்குள் மணி அடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த மகன் எட்டிப் பச்சையைத் தள்ளினான்.

"மாமா" என்றது குரல். "நான்தான். அக்கா இல்ல."

அவர் மகனைப் பார்த்தார். மகன் மேஜையைப் பார்த்தான்.

"இது உங்களுக்கு மட்டும்தான் கேட்குது. அவருக்குக் கேட்காது. நீங்க இத்தனை நாளா கேட்டது எனக்குத் தெரியும். கோபமில்ல. உங்க தப்புமில்ல. நான்தான் என் போன்ல போடச் சொன்னேன்." பக்கத்தில் நின்று பேசுவதைவிட நெருக்கமாக இருந்தது. அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. "எனக்கு அந்த வேலை வேணும் மாமா. ரொம்ப வேணும். வேண்டாம்னு சொல்லப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு உங்க மேல வெறுப்பா வருது. நீங்க எனக்கு ஒண்ணுமே செய்யல, இருந்தும் வருது. அந்த வெறுப்போட உங்களுக்குச் சாப்பாடு போடறது எனக்குப் பிடிக்கல."

மேஜைமேல் அவர் விரல் ஓடிக்கொண்டிருந்தது. மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதாதீங்க மாமா" என்றது குரல், பார்க்காமலே தெரிந்த மாதிரி. "பதில் சொல்லுங்க."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். யாருடையதோ மாதிரி பார்த்தார். பிறகு அதைத் தூக்கி மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டார்.

"எங்ககூட வர்றீங்களா?"

போன் அணைந்துவிட்டதா என்று மகன் எட்டிப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"வரல" என்றார் சுருக்கெழுத்தர்.

"தனியா இருந்துடுவீங்களா?"

"பயமா இருக்கு."

மகன் சட்டென்று நிமிர்ந்தான். அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்டதில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப வேண்டாம்னு சொல்லிடறேன் மாமா. பரவாயில்ல."

"சொல்லாதே."

"என்னதான் சொல்றீங்க? ஒண்ணு சொன்னா இன்னொண்ணு இடிக்குதே."

"இடிக்கட்டும். ரெண்டும் உண்மை. எனக்குப் பயமாவும் இருக்கு, நீ போகவும் வேணும். சாட்சி சொல்றவன் ரெண்டு சொன்னா, ரெண்டையும்தான் எழுதணும். எது சௌகரியமோ அதை மட்டும் எழுதக் கூடாது." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாளாகியிருந்தது. "பயம் என்னோடது. அதுக்கு நீ எதுக்கு வேலையை விடணும்?"

அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கு நடுவில் காதுக்குள் வேறொரு ஓசை 'டுக், டுக்' என்று குறுக்கிட்டது.

"யாரோ கூப்பிடறாங்க" என்றார் அவர்.

மகன் திரையைப் பார்த்தான். "அக்கா."

"அவங்க இருக்கட்டும். அவங்க பேசினது போதும்."

உள்ளறையில் மருமகள் சிரித்தாள். சிரிப்பு அவர் காதுக்குள்ளும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. காதுக்குள் வந்தது ஒரு கணம் பிந்தி வந்த மாதிரி இருந்தது. பிறகு கதவு திறந்தது. அவள் முகத்தைத் துடைத்தபடி வந்து, நேராகச் சமையலறைக்குள் போனாள்.

மகன்தான் பிறகு குதித்தான். "அவர் ஏதோ சொன்னார்னு நீயும் சரின்னுடுவியா? ராத்திரி ஒண்ணு ஆச்சுன்னா யாரு பார்ப்பாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

"நீங்க எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"எனக்குத்தான் ஒண்ணும் கேட்கலையே!"

"அப்ப இப்பக் கேளுங்க. நான் போறேன்னு சொல்லப் போறேன். நீங்க மாற்றல் கேளுங்க. மாமாவுக்கு அவர் பேர்ல ஒரு நல்ல போன் வாங்கிக் குடுங்க. மிச்சத்தை ஒவ்வொண்ணா பார்த்துக்கலாம்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எப்படி எடுத்துக்கொள்வது என்று வாழ்நாளெல்லாம் குழம்பியவன், இந்த முறை அதை அப்படியே எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அதைக் காதுக்குள் அல்லாமல், எதிரே நின்று, வாயசைவு தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் என்றாள். நல்லது என்றார். சொன்ன பிறகு அதே பயம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை. சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே கேட்டார்.

"ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. சாயந்திரம் வந்தாப் போதும்."

"எதுக்குப்பா?"

"இருந்து பார்க்கறேன்."

அவர்கள் போனார்கள். போனும் அவளோடு போனது. வெளிக்கதவு சாத்திய பிறகு அவர் காதுக்குள் யாரும் வரவில்லை. டிங் இல்லை. கிரெடிட் கார்டு இல்லை. மெஷின் வீட்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தது: ஃப்ரிட்ஜின் முனகல், குழாயில் ஒரு சொட்டு, தன் செருப்பு தரையில் உரசுவது. அவர் ஒவ்வோர் அறையாகப் போய் நின்றார். உள்ளறையில் நின்று அழைப்பு மணி கேட்குமா என்று யோசித்தார். வெளியே போய் அடித்தால் உள்ளே இருந்து கேட்க முடியாது. உள்ளே இருந்தால் அடிக்க ஆளில்லை. அந்தப் பரிசோதனையைத் தனியாகச் செய்ய வழியில்லை என்று புரிந்துகொண்டார்.

மாலையில் மகனும் மருமகளும் திரும்பி வந்தார்கள். மகன் சாவி போட்டுக் கதவைத் தள்ளினான். பாதி திறந்ததும் அது எதிலோ இடித்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தான். எப்போதும் ஜன்னலைப் பார்த்துக் கிடக்கும் நாற்காலி கதவுக்கு நேர் எதிரே வந்திருந்தது. அப்பா அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வழியில உட்கார்ந்திருக்கீங்க?"

"இங்க இருந்தா கதவு தெரியுது" என்றார். எழுந்து, அவர்கள் உள்ளே வருவதற்காக நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துப் போட்டார். கதவு திறந்து மூடும்போது இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டார்.